மதாம் கூவுகிறாள்

உப்பளம், புதுச்சேரி
27.1.2025

அன்புள்ள தனம்,

சென்னையிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே வீட்டில் இருந்துவிட்டோம், உனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. அதனால் எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மில்லில் லீவு கேட்டு எழுதிய பழக்கம்தான் வருகிறது.

போனில் கூப்பிடலாம் என்றால் ஆப்பரேஷன் ஆன கழுத்தோடு நீ பேசக் கூடாது. பேசினாலும் தறிச் சத்தத்தில் போன என் காதுக்கு எட்டாது. எதிர்வீட்டு சுடர்விழி, “மாமா, நீங்க சொல்லுங்க, நான் வாட்ஸ்அப்ல அடிச்சு அனுப்பறேன்” என்று எழுதிக் காட்டினாள். நல்ல பெண்தான். ஆனால் நம் பேச்சை எதற்கு அவள் விரல் பேச வேண்டும்? தபாலாபீசுக்குப் போய் இன்லேண்டு லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

உன் டாக்டர் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே பேசினார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அங்கே நர்ஸாக இருக்கிற உன் தங்கை மகள் கவிநிலாதான் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். கழுத்துக் கட்டி போயாச்சு, கெட்ட கட்டி இல்லை, குரல் மட்டும் கொஞ்ச நாள் ஆகும் என்று. அவள் நன்றாக இருக்கட்டும். அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கோழிகள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் என்னை மதிக்கவில்லை. சாயங்காலம் கூண்டில் அடைக்க, நீ கூப்பிடுகிற மாதிரி “பா… பா… பா…” என்று கூப்பிட்டேன். கருப்பாயி முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டாள். சிலுப்பி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். மதாம் மட்டும் துணி துவைக்கிற கல்மேல் நின்று என்னைப் பார்த்தாள். என் குரல் எனக்கே கேட்காதில்லையா, எவ்வளவு சத்தம் போட்டேனோ, என்னவோ ஏதோ என்று சுடர்விழி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்துவிட்டாள்.

வீடு சும்மா கிடக்கிறது. சீக்கிரம் வா.

தெய்வசிகாமணி


ராயபுரம், சென்னை
31.1.2025

ஆகாஷ் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. சின்னப்பாப்பா பிரித்துப் படிக்கப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டேன். “அக்காவுக்கு வாய் போனாலும் கை போகலை” என்கிறாள்.

எழுதும்போது எனக்கு ‘நீங்கள்’ என்றுதான் வருகிறது. நேரில் ‘நீ’ என்றும் ‘யோவ்’ என்றும் கத்துகிறவள்தான். இது ஆஸ்பத்திரி மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோழியைக் கூப்பிடத் தெரியாமல் தெருவையே கூப்பிட்டிருக்கிறீர்களே, சாமி! நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். பழைய அலுமினியத் தட்டில் நொய்யைப் போட்டு, விளிம்பில் கரண்டியால் தட்டுங்கள். வரும். கருப்பாயி மரம் ஏறினால் விரட்டாதீர்கள், இருட்டுகிற நேரத்தில் தானே இறங்கும். வாரத்துக்கு ஒருநாள் மார்க்கெட்டில் மீன் குடல் கேட்டு வாங்கிப் போடுங்கள். என் பேரைச் சொன்னால் சும்மாவே கொடுப்பார்கள். என் கூடையில் மிஞ்சினதைத் தின்றே வளர்ந்ததுகள், வெறும் நொய் இறங்காது.

மதாம் தீபாவளியோடு முட்டையை நிறுத்திவிட்டாள். வயசாகிவிட்டது. அதற்காகச் சட்டியைப் பார்த்து ஏதாவது யோசனை செய்தீர்களானால் தெரியும் சேதி. வெள்ளைக்காரத் தெருவில் அந்தக் கிழட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, கடைசியில் “மெர்சி தனம்” என்று நன்றி சொல்லி வாங்கிப் போகும். அந்த நடைதானே இவளுக்கு! அதனால்தானே அந்தப் பேரையே வைத்தேன்.

குரல் இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். நேற்றுப் படுத்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். அடுப்பங்கரையிலிருந்து நான் ஒரு கத்துக் கத்தினால், நீங்கள் எங்கிருந்தாலும் ஓடி வந்து எனக்கு நேர் எதிரே நின்று, “என்ன?” என்று ஒரு முழி முழிப்பீர்களே! அந்த முழியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

கோழிகள் என்னைத் தேடுகிறதா? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.

தனம்


உப்பளம்
7.2.2025

தனம்,

தட்டைத் தட்டினேன். மூன்றும் வந்துவிட்டன. உன்னைத் தேடுகிறதா என்று கேட்டாய். பின்வாசல் கதவு திறக்கிற போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கின்றன. நான்தான் என்று தெரிந்ததும் மண்ணைக் கிளறப் போய்விடுகின்றன. எனக்கே கொஞ்சம் அவமானமாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பயப்படக் கூடாது.

பின்வீட்டு பாக்கியலட்சுமி கொஞ்ச நாளாக மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசினால் எனக்கு ஒன்றுமே புரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். மூன்று நாளைக்கு முன்னால் சுடர்விழியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுடர்விழி எனக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள்: “மாமா, மதாம் கூவுறா. விடியகாலைல, சேவல் கணக்கா.”

நான் நம்பவில்லை. பெட்டைக்கோழி கூவுமா? மறுநாள் விடிகிற நேரத்தில் தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். மதாம் துவைக்கிற கல்மேல் ஏறினாள். இறக்கையை ஒரு தட்டுத் தட்டி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பாக்கியலட்சுமி தலையில் அடித்துக்கொண்டது நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் கொண்டையையும் கவனித்தேன். நம் ஊர்ப் போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வயசான பெட்டைக்கு முட்டைப்பை கெட்டால் சில சமயம் இப்படிச் சேவல் குணம் வருமாம், சுடர்விழி போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

பாக்கியலட்சுமி வேறு மாதிரி சொல்கிறாள். பெட்டை கூவினால் அந்த வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதாம். “அவ அங்க கழுத்துல கட்டோட கெடக்கறா, நீ இத வச்சிக்னு இருக்கியே” என்று சுடர்விழி மூலமாகச் சொல்ல வைத்தாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் தனம், நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மதாமைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு இராமதாஸ் கறிக்கடைக்குப் போய்விட்டேன். அங்கே போய் நின்றதும் அவள் பையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, கடையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். உன் மீன் கூடையை அந்த மதாம் பார்த்த மாதிரியே பார்த்தாள். இராமதாஸ் கத்தியைத் துடைத்தார். நான் அரைக் கிலோ பிராய்லர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவளும் பையில் கூடவே வந்தாள்.

என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன். ஆனால் உனக்கு ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

தெய்வசிகாமணி


ராயபுரம்
11.2.2025

யோவ்!

மரியாதை எல்லாம் போய்விட்டது. என் மதாமைக் கறிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாயா? அவள் தலையை நீட்டிப் பார்த்தாள் என்று கதை வேறு! இன்னொரு தடவை அவளைப் பையில் போட்டாயானால், நான் கனகசெட்டிக்குளத்து அம்மா வீட்டோடு போய்விடுவேன், உப்பளம் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.

சரி. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாக்கியலட்சுமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவள் வீட்டு மிக்ஸி விடிகாலையில் போடும் சத்தத்துக்கு இதுவரை எத்தனை பேருக்கு ஆகாமல் போனது? எனக்கு வந்த கட்டி மதாம் கூவுகிறதற்கு முன்னாலேயே வந்தது. அவள் கூவ ஆரம்பித்த பிறகு காயம் ஆறிக்கொண்டு வருகிறது. கணக்குப் பார்த்தால் அவளுக்கு நான் மாலை போட வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்தால் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. சின்னப்பாப்பா நான் அழுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தாள். என் தொண்டையிலிருந்து போனது எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமில்லையா? நம் தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறது போல. நான் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு பொம்பளைக் குரல் கேட்கட்டுமே. அவளைக் கூவ விடுங்கள்.

எப்படிக் கூவுகிறாள் என்று விவரமாக எழுதுங்கள். கரகரவென்றா, கணீரென்றா? இழுத்தா, வெட்டியா?

அய்யோ, மறந்தே போனேன். உங்களுக்கு எப்படிக் கேட்கும்! அடித்துவிட மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

தனம்


உப்பளம்
17.2.2025

தனம்,

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்குச் சில நாள் ஆகிவிட்டது.

மதாம் கூவும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து பழக்கினேன். முதலில் தள்ளிப் போனாள். மீன் குடலைக் கையில் வைத்துக் கொடுக்கவும் நின்றாள். நேற்று விடிகாலையில் கல்மேல் ஏறியதும், அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். கழுத்தை நீட்டினாள். அப்போது கைக்குள் ஒரு அதிர்வு வந்தது பார், மில்லில் தறி ஓடும்போது தூணில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி. முதலில் சின்னதாக இரண்டு குலுக்கல், அப்புறம் நீளமாக ஒன்று, கடைசியில் அது சட்டென்று நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இழுத்துத்தான் கூவுகிறாள். கரகரப்பும் இருக்கிறது, அது விரல் நுனியில் தெரிகிறது.

பாக்கியலட்சுமியிடம் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். என் குரலில் சொன்னேனா, தெருவுக்கே மிக்ஸி விவகாரம் தெரிந்துவிட்டது. இப்போது அவள் முகம் கொடுப்பதில்லை. ஆனால் காலையில் கோழிக்கென்று பழைய சோறு மதில்மேல் இருக்கிறது.

கழுத்துக் கட்டைப் பிரித்துப் பல நாள் ஆயிற்று, காயம் ஆறிவிட்டது என்று கவிநிலா சுடர்விழியிடம் போனில் சொன்னாளாம். நீ ஏன் இன்னும் கிளம்பவில்லை? போன கடிதத்தில் வருகிற தேதி இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறிக்கடைக் கோபமா? ஆகாஷும் ஓசூரிலிருந்து வந்து உன்னைக் கூட்டிவர லீவு போடட்டுமா என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். என்ன பதில் சொல்லட்டும்?

தெய்வசிகாமணி


ராயபுரம்
23.2.2025

ஆகாஷ் அப்பாவுக்கு,

கோபம் எல்லாம் இல்லை.

இதை எழுதாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். குரல் நரம்பில் ஒரு பக்கம் அசையவில்லையாம். பயிற்சி கொடுப்பார்களாம். சிலருக்கு மாசக்கணக்கில் திரும்பி வருமாம், சிலருக்கு இப்படியே நின்றுவிடுமாம். எனக்கு எது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. சைக்கிள் டியூப் பஞ்சரான மாதிரி.

முந்தாநாள் சின்னப்பாப்பா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். பால் பொங்குகிறது. நான் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், அவள் திரும்பவே இல்லை. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நல்ல காதுக்கே கேட்காத குரலை வைத்துக்கொண்டு உங்களிடம் வந்து நான் என்ன செய்வேன்? “என் காதுக்கு எட்டுற ஒரே குரல் எங்க தனத்துதுதான்” என்று மில் வாசலில், டீக்கடையில், எல்லாரிடமும் சொல்லித் திரிவீர்களே! கேட்கும்போதெல்லாம் வெளியில் உங்களைத் திட்டுவேன், உள்ளுக்குள்ளே பூரித்துப் போவேன். அதுவும் இப்போது இல்லை. நான் ஊமை, நீங்கள் செவிடு. அந்த வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, உப்பு வேண்டும், மிளகாய் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? தெருவில் கூவி மீன் விற்றவள், எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்?

கொஞ்ச காலம் இங்கேயே இருக்கிறேன். சின்னப்பாப்பாவும் இருக்கச் சொல்கிறாள். கோழிகளைச் சுடர்விழியிடம் கொடுத்துவிடுங்கள், அவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். என் குரல் கேட்காமல் அதுகளும் என்னை மறந்திருக்கும்.

தனம்


உப்பளம்
27.2.2025

தனம்,

உன் கடிதத்தைக் கல்மேல் உட்கார்ந்து படித்தேன். மதாம் அதைக் கொத்தப் பார்த்தாள். ஓரம் கிழிந்திருந்தால் அவள் வேலை.

நான் இப்போது சொல்லப்போவதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

தறி ஷெட்டில் அத்தனை தறியும் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. பதினெட்டு வயசில் உள்ளே போனவன் நான். அங்கே ஒருத்தன் வாயைப் பார்த்துத்தான் இன்னொருத்தன் பேசுவான். மேஸ்திரி திட்டுவதும், டீக்கு அழைப்பதும், சம்பளம் போட்டாச்சு என்பதும் எல்லாம் உதட்டில்தான். முதுகு காட்டி நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால் நூல் கழிவை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவோம். அவன் திரும்புவான், அப்புறம் வாயைப் பார்ப்பான். ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் இது கைவந்த வித்தை. இது ஒரு விஷயம் என்று வீட்டில் வந்து சொல்லக்கூடத் தோன்றவில்லை.

நீ அடுப்பங்கரையிலிருந்து கத்துவாய். எனக்கு என்னவோ ஒரு சத்தம் மட்டும் எட்டும். ஒரு சொல்கூடத் தெரியாது. அதனால்தான் ஓடி வந்து உனக்கு எதிரே நின்றேன். அந்த முழியைப் பார்க்க வேண்டும் என்று எழுதினாயே, அது முழி இல்லையடி தனம். உன் வாயைப் படிக்கிற பார்வை அது. மாஸ்க் போட்ட டாக்டர் சொன்னதும், வெற்றிலை போட்ட பாக்கியலட்சுமி சொன்னதும் எனக்கு ஏன் புரியவில்லை என்று நினைத்தாய்?

உன் குரல் எனக்கு வாசல் மணி. மணியடித்தால் வருவேன். சேதி முழுக்க உன் வாயில்தான் இருக்கும். கோபத்தில் கீழ் உதடு இடது பக்கம் போகும், பொய் சொன்னால் வாய் சின்னதாகிவிடும், என் பெயரைச் சொல்லாமல் ‘யோவ்’ என்னும்போது மட்டும் நன்றாக வட்டமாக வரும். அதைப் பார்க்கிறதற்காகவே சில நாள் முதல் தடவை புரியாத மாதிரி நின்றிருக்கிறேன். என் காதுக்கு எட்டுகிற ஒரே குரல் உன்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னதும் நிஜம்தான். எட்டினது காது வழியாக இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே உன்னிடமிருந்து போனது மணி ஒன்றுதான். மணிக்கு வழியா இல்லை? நான் திரும்பி நின்றால் கையில் கிடைத்ததை என் முதுகில் எறி. கத்தரிக்காய், எலுமிச்சம்பழம், எதுவும் சரி. தேங்காய் மட்டும் வேண்டாம்.

மீன் விற்பது எப்படி என்று கேட்கிறாய். நீ கூடையை எடு. நான் முன்னால் நடந்து கூவுகிறேன். நான் கோழியைக் கூப்பிட்டாலே தெரு திரண்டு வருகிறது, மீனுக்கு வராதா? உப்பளம் முழுக்கக் கேட்கும். எனக்கு மட்டும்தான் கேட்காது.

கோழிகள் உன்னை மறக்கவில்லை. உன் பழைய நீலப் புடவையைக் கொடியில் உலர்த்தியிருந்தேன். மூன்றும் அதற்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. நானும் கொஞ்ச நேரம் அங்கேதான் நின்றேன்.

மாசி மகத்துக்கு முன்னால் வந்துவிடு.

உன் தெய்வசிகாமணி


ராயபுரம்
5.3.2025

யோவ்,

பார்த்துக்கொள், வட்டமாக எழுதியிருக்கிறேன்.

நீயெல்லாம் மனுஷனா? நான் தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் உனக்கு வாசல் மணியா? புரியாத மாதிரி வேறு நின்றாயா? பக்கத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு உனக்குச் சோறு கிடையாது. சின்னப்பாப்பாவிடம் உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அவளும் என்னோடு சேர்ந்து திட்டினாள். அப்புறம் அவள், “கெளம்புக்கா” என்றாள்.

கவிநிலாவை ஆஸ்பத்திரிக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பயிற்சிக்கு மாசம் ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். குரல் வந்தால் வரட்டும். வராவிட்டால் கூவுவதற்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறதே, நீ ஒன்று, மதாம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். ஆகாஷ் லீவு போட வேண்டாம், கவிநிலா ஏற்றிவிடுவாள். கனகசெட்டிக்குளம் வந்ததுமே நான் பேச ஆரம்பித்துவிடுவேன், அவ்வளவு சேர்ந்து கிடக்கிறது. நீ பஸ் ஸ்டாண்டில் வந்து நில். நான் இடது பக்க ஜன்னலோரம் இருப்பேன். பஸ் நிற்பதற்குள்ளேயே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்லிவிடுவேன். நல்ல குரல் இருக்கிறவள் பேசினாலும் அங்கே யாருக்கும் ஒன்றும் கேட்காது. ஆனால் நீ மட்டும் என் வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் என்ன சொன்னேன் என்று.

நீ வழக்கம்போல வேறு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு முதுகு காட்டி நிற்பாய். அதற்காக மடியில் ஒரு சாத்துக்குடி வைத்திருப்பேன்.

முதலில் கோழிகளைப் பற்றித்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. அடுத்தது உன்னைப் பற்றி.

தனம்